எதுக்கு ஓம், ரீச்சர்?

கோண்டாவில் சனசமூக நிலையத்தின் பின்மண்டபம்.
செவ்வாயும் வெள்ளியும்
நாலரை தொடக்கம் ஐந்தேகால்.
கரம் போட்டைச் சுவரோடு சாத்திவிட்டுப்
பதினொரு பாய் விரிப்பேன்.
ஒன்று என்னுடையது, மூலை கிழிந்தது.

சப்பாத்துகள் வாசலில் சோடி மாறிக் கிடக்கும்.
புத்தகப்பைகள் மட்டும்
சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்,
நான் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரியே.

கண்ணை மூடுங்கோ.
மூச்சை உள்ளுக்கு எடுங்கோ.
இப்ப எல்லாரும் சேர்ந்து, ஓம்.

முதல் நாளே சாருஜன் கேட்டுவிட்டான்:
"எதுக்கு ஓம், ரீச்சர்?"

நான் படித்த டிப்ளோமாவில் இதற்கு விடை இருந்தது,
அகரம் உகரம் மகரம் என்று ஒன்றரைப் பக்கம்.
அவன் கேட்டது அதை அல்ல.
அவனுக்குத் தெரிந்த ஓம்
யாராவது கேட்டபிறகு சொல்வது.
சாப்பிட்டாச்சோ, ஓம்.
வீட்டுப்பாடம் முடிச்சாச்சோ, ஓம்.
மாமா லண்டனில இருந்து கதைக்கிறார்,
வடிவாப் படிக்கிறியோ எண்டு கேக்கிறார்,
ஓம் எண்டு சொல்லு.
ஓம்.

ஒருவரும் ஒன்றும் கேட்காமல்
எதற்குச் சம்மதிப்பது?

ஜெறோமின் தாய் இரண்டாம் கிழமை வந்தா.
"குறை நினைக்காதேங்கோ, நாங்கள் வேதக்காரர்.
அந்த ஓம் மட்டும்..."
சொல்லத் தேவையில்லை அக்கா,
மூச்சு விட்டால் போதும். சரிதானே?
"ஓம் ஓம்" என்றா.
பிறகு இரண்டு பேரும்
கொஞ்சநேரம் சிரித்துக்கொண்டு நின்றோம்.

மரம்போல நிற்பது மூன்றாவது.
ஒற்றைக்கால், கை இரண்டும் உச்சிக்கு மேல்.
என்ன மரம் என்பது அவரவர் விருப்பம்.
லக்சிகா நெல்லி. ஜெறோம் பிலா.
சாருஜன் தடாலென்று விழுந்து,
"நான் முருங்கை, ரீச்சர்.
காத்துக்கு முறிஞ்சிட்டன்."
அன்றைக்கு அதன்பிறகு ஒருவரும் நிற்கவில்லை.
காற்று அப்படி.

கடைசி ஆசனத்துக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது,
சவத்தில் தொடங்கும் பெயர்.
பத்துப் பிள்ளைகளை வெள்ளைச் சீருடையோடு
வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு
அந்தச் சொல்லைச் சொல்ல
இந்த மண்டபத்தில் எனக்கு நாக்கு எழும்பவில்லை.
சும்மா கிடக்கிறது என்று பேர் வைத்தேன்.

அதுதான் அவர்களுக்கு எல்லாவற்றிலும் கஷ்டம்.
"சும்மா எண்டா என்ன செய்யிறது, ரீச்சர்?"
ஒன்றும் செய்யிறேல்லை.
"ஒண்டும் செய்யாம எவ்வளவு நேரம் செய்யிறது?"

நிதுர்சிகா மட்டும் கேட்டதில்லை.
தரம் ஐந்து. வருகிற ஓகஸ்டில் புலமைப்பரிசில்.
விடிய ஐந்தரைக்குத் தமிழ்,
பள்ளிக்கூடம்,
இரண்டரைக்குக் கணிதம்,
பின்னேரம் ஐந்தரைக்கு மாதிரி வினாத்தாள்.
நடுவில் நான்,
ஞாபகசக்தி கூடும் என்று யாரோ சொன்னதால்.
முதுகு பாயில் பட்டதும் நித்திரை.
வாய் கொஞ்சம் திறந்து,
உள்ளங்கையில் நீல மை,
விரல் மூன்றும் இல்லாத பேனையை
இன்னும் பிடித்தபடி.

ரயில் போகிறது. தரை அதிர்கிறது.
அவள் அசையவில்லை.

ஐந்தேகால்.
வெளியே ஸ்கூட்டி ஹோர்ன், ஒரு தரம்.
மற்றவர்கள் சப்பாத்துத் தேடுகிறார்கள்.
சாருஜன் அவளைச் சுற்றிப்
பூனைபோல நாலு காலில் போகிறான்,
வகுப்பில் ஒருநாளும் அவனுக்குச் சரிவராத ஆசனம்.

நான் குனிந்து எண்ணத் தொடங்குகிறேன்.
எழுப்புவதற்கு எண்ணுவது
பத்திலிருந்து கீழே.
ஏழில் நிற்கிறேன்.
பிழைவிட்டவள்போலத் திரும்பவும் பத்துக்குப் போகிறேன்.
ஹோர்ன், இந்தமுறை கொஞ்சம் நீளம்.

நிதுர்சிகா, எழும்புவமோ?

"ஓம்" என்கிறாள்.
சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு
கன்னத்துக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொள்கிறாள்.

வாசலுக்குப் போகிறேன்.
தாய் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"முடிஞ்சுதோ, ரீச்சர்?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது அந்தச் சொல்.

இல்லை, என்கிறேன்.
இன்னும் ஒரு ஆசனம் கிடக்கு.